ஆரபிஸ், அலிசம்: அல் ஐன் வீட்டுத் தோட்டத்திற்கான குளிர்கால மலர்ச்செடிகள்

குளிர்காலம் தொடங்கியதும் அல் ஐன் நகரின் சாலையோரப் பாத்திகளும் ரவுண்டானாக்களும் புதுநிறம் பெறுகின்றன. அவற்றைக் காணும் குடியிருப்பாளர்கள் பலர் தம் வீட்டு முற்றத்திலும் மாடத்திலும் அத்தகைய மலர்களை வளர்க்க விரும்புகின்றனர். தரையோடு படர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஆரபிஸ், இவ்விருப்பத்திற்கு உரிய செடிகளுள் ஒன்று.

ஆனால் ஆசையோடு வாங்கிய குளிர்காலச் செடி மே மாதத்தில் வாடுவதும், அதைக் காப்பாற்ற எண்ணி மேலும் மேலும் நீர் ஊற்றுவதும், இறுதியில் வேர் அழுகிச் செடி மடிவதும் வீட்டுத் தோட்டங்களில் வழக்கமாக நிகழ்பவை. இது வளர்ப்பவரின் கைக்குற்றம் அன்று. எந்தச் செடி எந்தக் காலத்திற்கு உரியது என்பதை முன்னரே அறிந்திருந்தால், நீரும் பணமும் உழைப்பும் வீணாகா.

செடியின் இயல்பு

ஆங்கிலத்தில் ‘ராக்கிரெஸ்’ என வழங்கும் ஆரபிஸ், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடுகு, முள்ளங்கி ஆகியவற்றின் பூக்களைப் போலவே இதன் பூவிலும் நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் அமைந்திருக்கும். தோட்டங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் காக்கேசிய ஆரபிஸ் ஒரு சாண் உயரமே வளரும். சாம்பல் கலந்த பச்சை இலைகளும், வெண்மை அல்லது இளஞ்சிவப்பு நிறப் பூக்களும் உடையது. பாறை இடுக்குகளிலும் கற்சுவர்களின் மேலும் வேரூன்றி வளரும்.

‘ஆரபிஸ்’ என்னும் பெயர் ‘அரபு நாட்டுக்குரியது’ என்ற பொருளுடையது. பெயரைக் கண்டு இதைப் பாலைநிலச் செடி என்று கருதிவிடலாகாது. இவ்வினத்தைச் சேர்ந்த ஆல்பைன் ஆரபிஸ் அரேபியத் தீபகற்பத்தில் இயற்கையாக வளர்வது உண்மையே. ஆயினும் யேமன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் உயர்ந்த மலைப்பகுதிகளில்தான் அது காணப்படுகிறது. இது குளிர்ந்த மலைக்குரிய செடி. மணற்சமவெளிக்கு உரியது அன்று.

அல் ஐனில் எதிர்ப்படும் தடை

ஆரபிஸுக்கு இந்நகரின் மண் பெரிய தடையன்று. இங்குள்ள மண் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஆரபிஸும் சுண்ணாம்பு நிலத்தை ஏற்கும் செடியே. தடையாக நிற்பவை இரண்டு. முதலாவது, 45 பாகை செல்சியஸையும் கடக்கும் கோடை வெயில். இரண்டாவது, போதிய குளிரின்மை. ஆல்பைன் ஆரபிஸைக் கொண்டு நிகழ்ந்த தாவரவியல் ஆய்வுகள், அதன் பல வகைகள் வாரக்கணக்கில் கடுங்குளிரை உணர்ந்த பின்னரே மொட்டுவிடுகின்றன என்று காட்டியுள்ளன. அல் ஐனின் சனவரி இரவுகள் மனிதருக்குக் குளிராகத் தோன்றினும், இத்தகைய செடிக்கு அக்குளிர் போதாது. எனவே ஆரபிஸை இங்கு விதையிலிருந்து வளர்த்தால் இலை தழைத்தாலும் பூ வாராமல் போகக்கூடும்.

இந்நிலையில் குடியிருப்பாளர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன:

1. மொட்டுவிட்ட நிலையில் ஆரபிஸ் தொட்டிச்செடி கிடைத்தால், அதை டிசம்பர் அல்லது சனவரியில் வாங்கி, அந்தப் பருவத்திற்கு மட்டும் உரியதாகக் கொண்டு வளர்த்தல்.

2. அதே கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அலிசத்தை விதையிலிருந்து வளர்த்தல். மத்தியதரைக் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடிக்குப் பூப்பதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. விதைத்த ஆறு முதல் எட்டு வாரங்களில் பூக்கும். வெண்மை, ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் தேன்மணம் கமழப் பூத்து, ஆரபிஸைப் போலவே மெத்தையாகப் படரும்.

செலவும் ஏமாற்றமும் குறைந்தது இரண்டாவது வழியே. கீழ்வரும் பராமரிப்பு முறைகளுள் விதைத்தல், விதை சேர்த்தல் ஆகியவை அலிசத்திற்கு உரியவை; ஏனையவை இரு செடிகளுக்கும் பொதுவானவை.

மண்ணும் வடிகாலும்

இச்செடிகள் சிறிது வறட்சியைத் தாங்கும். வேரடியில் நீர் தேங்குவதைத் தாங்கா. பாலை மணலை அப்படியே அள்ளித் தொட்டியில் நிரப்புவது நன்றன்று. நுண்ணிய மணல் நீர் பட்டதும் இறுகிவிடும். கழுவிய பருமணல் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்ற அளவில் கலந்து பயன்படுத்தலாம். கடற்கரை மணலில் உப்பு மிகுந்திருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். தொட்டியின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று நடுமுன் பார்ப்பது அவசியம். தரையில் நடுவோர் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, ஓரங்களில் கற்களை அடுக்கினால், செடி தன் இயல்புப்படி கற்களின் மீது வழிந்து பூக்கும்.

மாதவாரி வேலைகள்

அக்டோபர்: இரவு வெப்பம் தணிந்த பின் விதைக்க வேண்டும். அலிசம் விதை மிகச் சிறியது. முளைக்க வெளிச்சமும் தேவை. ஈரமான கலவையின் மேல் தூவி, விரலால் மெல்ல அழுத்தினால் போதும், மண்ணால் மூடலாகாது. தெளிப்பானால் ஈரம் காத்துவந்தால் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளைக்கும்.

நவம்பர்: நாற்றில் நான்கைந்து இலைகள் தோன்றியதும் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். நெருக்கி நட்டால் காற்றோட்டம் குறைந்து அழுகல் நோய் பற்றும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் உகந்தது. உரம் அளவுக்கு மிஞ்சினால் இலை பெருகிப் பூ குறையும்; மாதத்திற்கு ஒருமுறை பாதி வலுவில் கரைத்த திரவ உரம் போதும். முதற்பூப்பு முடிந்ததும் செடியின் மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்தால் சில வாரங்களில் மீண்டும் பூக்கும்.

மார்ச், ஏப்ரல்: தொட்டிகளைக் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்திற்கு மாற்ற வேண்டும். காய்கள் பழுப்பு நிறம் அடைந்ததும், வெடிக்கும் முன்பாக, விதைகளைச் சேர்த்துக் காகித உறையில் இட்டு, மூடியுள்ள புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அக்டோபரில் பயன்படும்.

நீர்

இந்நகரின் குடிநீரில் பெரும்பகுதி கடலோரத்தில் உப்பு நீக்கப்பட்டு, நெடுந்தொலைவு குழாய்களில் வந்து சேர்கிறது. ஆகவே ஒவ்வொரு குடம் நீரும் பெருஞ்செலவில் கிடைப்பது. விரலை இரண்டு சென்டிமீட்டர் ஆழம் மண்ணுள் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விட வேண்டும். காலை வேளையில், இலைமேல் படாமல், வேரடியில் ஊற்றுவது சிறந்தது. மண்ணின் மேல் வெண்மையான உப்புப் படிவம் தோன்றினால், அடித்துளை வழியே நீர் நன்கு வெளியேறும் வரை ஒருமுறை நிறைய ஊற்றி உப்பை அலசிவிட வேண்டும். நண்பகல் வெயிலில் இலை துவண்டு, மாலையில் தானே நிமிர்ந்தால் அது நீர் வேண்டும் என்பதன் அறிகுறி அன்று.

2024 ஏப்ரல் 16ஆம் நாள், அல் ஐன் பகுதியைச் சேர்ந்த கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்திற்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 1949இல் நாட்டில் பதிவுகள் தொடங்கியபின் அவ்வளவு மழை பதிவானதில்லை. பாலை நகரத்திலும் வடிகாலைப் புறக்கணிக்க இயலாது என்பதற்கு இது சான்று. மழைக்குப் பின்னும் அன்றாட நீரூற்றலுக்குப் பின்னும் தொட்டியடித் தட்டுகளில் நீர் தேங்கவிடலாகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சிறிதளவு நீரிலும் முட்டையிடும். வெப்பமான சூழலில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறையேனும் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பூச்சிகள்

கடுகுக் குடும்பச் செடிகளை அசுவினியும் வெள்ளை ஈயும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவும் தாக்குவதுண்டு. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படுமாறு தெளித்தால் பெரும்பாலும் கட்டுப்படும். புழுக்களைக் கையால் பொறுக்கி அழிப்பதே எளிது.

பெயர்ச்சீட்டு இல்லாத பூச்சிமருந்துகளையும், பிறர் பொட்டலமாகக் கட்டித் தரும் மாத்திரைகளையும் எக்காரணத்தாலும் வாங்கலாகாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் ஈரம் பட்டதும் நச்சுவாயுவை வெளியிடும். அடுத்த வீட்டில் பயன்படுத்தியதால் கசிந்த வாயு சுவர் இடுக்குகளின் வழியே புகுந்து குழந்தைகளின் உயிரைப் பறித்த நிகழ்வுகள் இந்நாட்டில் ஏற்பட்டுள்ளன. குடியிருப்புகளில் இதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டுள்ளது.

கோடையும் விடுமுறையும்

மே மாதத்தில் இச்செடிகள் பழுக்கத் தொடங்கும். அது நோயன்று, பருவத்தின் முடிவு. கூடுதல் நீரோ உரமோ அதை மாற்றாது. செடியை அகற்றி எருக்குழியில் இடுவதே முறை. அவ்விடத்தில் வெயில் தாங்கும் நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, காகிதப்பூ, அடீனியம் ஆகியவற்றை வளர்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதைச் சேகரித்து இவற்றிற்கு ஊற்றலாம். சூலை, ஆகத்து மாதங்களில் ஊர் செல்லும் குடும்பங்கள், அடீனியம் போன்ற வறட்சி தாங்கும் செடிகளை மட்டும் நிழலில் வைத்து, அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வது நன்று.

தோட்ட வேலைக்கு ஆள் அமர்த்துவோர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் திறந்தவெளி வேலை வாங்குவது இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. பூஞ்செடிக்கு ஒவ்வாத வெயில் மனிதருக்கும் ஒவ்வாது.

விதிமுறைகள்

தாயகத்திலிருந்து கறிவேப்பிலைக் கன்று, மல்லிகைப் பதியன், விதைப் பொட்டலம் முதலியவற்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோர் உண்டு. அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இந்நாட்டின் இறக்குமதி அனுமதியும் இல்லாத செடிகள் விமான நிலையத்தில் பறிமுதலாகக்கூடும். உள்ளூர் நாற்றுப் பண்ணைகளில் வாங்குவதே பாதுகாப்பானது.

வாடகை வீட்டில் குடியிருப்போர் நிலத்தைத் தோண்டுவதற்கும் சொட்டுநீர்க் குழாய் பதிப்பதற்கும் முன்பு வீட்டு உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது பிற்காலச் சிக்கலைத் தவிர்க்கும். சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ள நடைபாதை பொது இடமாகும்; அங்குச் செடி நடுவதற்கு முன் நகராட்சியின் அனுமதி பெற வேண்டும். மாடக் கைப்பிடியின் மேல் தொட்டி வைக்கலாகாது. அது விழுந்து கீழே செல்வோர்க்குத் தீங்கு நேர்ந்தால், பொறுப்பு வைத்தவரையே சாரும்.

சுருக்கமாக

அக்டோபரில் விதைத்து, நவம்பரில் நட்டு, ஏப்ரலில் விதை சேர்த்து, மே மாதத்தில் செடியை அகற்றுவதே இம்மலர்த் தோட்டத்தின் முறை. உரிய பருவத்தில் தொடங்கி உரிய பருவத்தில் முடித்தால், ஓர் உறை விதையே ஆண்டுதோறும் முற்றத்தை மலரச் செய்யும்.