உங்களுக்குத் தெரியுமா? பட்டத்துக்காகக் கோடிகளைத் தள்ளிவைத்த வீரர்

2011 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியைச் சுற்றி ஒரே பேச்சு: பயிற்சியாளர் ஜிம் ஹார்பா எங்கே போகப்போகிறார்? சான் ஃபிரான்சிஸ்கோவின் தொழில்முறை அணிக்குப் போனார். நட்சத்திர ஆட்டக்காரர் ஆண்ட்ரூ லக்கும் கிளம்பியிருக்கலாம். தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் முதலிடம் அவருக்குத்தான் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அவரோ கட்டடக்கலை வடிவமைப்புப் பட்டத்தை முடிக்கத் தங்கிவிட்டார். எவ்வளவு துணிச்சல்! இடையில் ஒரு பெரிய காயம் பட்டிருந்தால் எல்லாமே போயிருக்கலாம். 2012இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 29 வயதில் ஓய்வு பெற்றவர், கல்வியியலில் முதுகலை படிக்க அதே ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பினார். 2024 நவம்பரில் பல்கலைக்கழகம் அவரையே கால்பந்து அணியின் பொது மேலாளராக நியமித்தது.