சீட் கிடைக்கும், கட்ட முடியுமா?
பொறியியல் கலந்தாய்வுக்கு முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே தெருவில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "கட் ஆஃப் எவ்வளவு?" கணக்கு மார்க் அப்படியே நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, ஆக மொத்தம் 200. நுழைவுத்தேர்வு 2007-ல் போன பிறகு, தமிழ்நாட்டின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இந்த எண்தான் ஒரு பிள்ளையின் இடத்தைத் தீர்மானிக்கிறது. அடுத்த கேள்வி, "எந்த காலேஜ் கிடைக்கும்?" மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு: நாலு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? பல வீடுகளில் இதைக் கேட்பது சீட் கையில் வந்த பிறகுதான். நகையை எங்கே வைப்பது, யாரிடம் கைமாற்று வாங்குவது என்று ஆகஸ்ட் மாதத்தில் அப்பா அலைவதற்கு இந்த வரிசைதான் காரணம். பணக் கணக்கை முதலில் போட்டுவிட்டு, அதற்குள் அடங்கும் கல்லூரிகளை மட்டும் பட்டியலில் ஏற்றுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிடைக்குமா, கிடைக்காதா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். போன வருடம் அந்தக் கல்லூரியில் 172-க்குக் கிடைத்தது, நமக்கு 174 இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார முடியாது. 2024-ல் ப்ளஸ் டூ வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 471 பேர். 2025-ல் 3,181 பேர். அதே கட் ஆஃப் மறு வருடம் ஆயிரக்கணக்கான இடங்கள் பின்னால் தள்ளப்படலாம். அதனால் மார்க்கை மார்க்கோடு ஒப்பிடாமல் ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிட வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டு விவரங்களைத் தன் இணையதளத்தில் போடுகிறது. பொது ரேங்க், வகுப்புவாரி ரேங்க் இரண்டையும் அதில் பாருங்கள். 69 சதவீத இடஒதுக்கீட்டில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. பிள்ளைகளுக்கு வகுப்புவாரி ரேங்க்தான் பல கதவுகளைத் திறக்கிறது. இன்னொன்று, ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் இருக்கலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25-ல் எடுத்துவிட்டது. சில பெரிய கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் கூடிவிட்டன. ஒரே ஒரு வருடத்தின் கணக்கை நம்பாமல் இரண்டு மூன்று வருடங்களின் போக்கைப் பார்ப்பது நல்லது.

இனி பணம். தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் கலந்தாய்வு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வகுத்த உச்சவரம்பு ஆண்டுக்கு ரூ.50,000, என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் ரூ.55,000. விடுதியும் பஸ்ஸும் தனி. குடும்பங்கள் இடறி விழுவது இந்தத் 'தனி'யில்தான்.

ஒரு நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள். ஈரோடு பக்கம் விசைத்தறியில் வேலை செய்யும் ஒருவரின் மகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. கல்விக் கட்டணம் 55,000. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் அதில் 25,000 சலுகை, மீதி 30,000. வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரியில் பஸ்ஸுக்கு 30,000 கேட்டால், ஆண்டுக்கு 60,000, நான்கு ஆண்டுக்கு 2,40,000. அதே கட்டணத்தில் தூரத்து ஊர்க் கல்லூரி விடுதிக்கு 90,000 கேட்டால், ஆண்டுக்கு 1,20,000, நான்கு ஆண்டுக்கு 4,80,000. அரசாங்கம் கட்டணத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் இரண்டையும் விருப்பப் பட்டியலில் அடுத்தடுத்துப் போட்டால், அவற்றுக்கிடையே வித்தியாசம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அந்தச் சான்றிதழை வாங்காமல் விட்டால் நான்கு வருடத்தில் இன்னும் ஒரு லட்சம் கையை விட்டுப் போகும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்தச் சலுகை. கலந்தாய்வில் வாங்கிய இடத்துக்குத்தான் செல்லும், மேனேஜ்மென்ட் இடத்துக்குச் செல்லாது.

அந்தப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கணக்கே மாறிவிடும். 2021 முதல் நடைமுறையில் இருக்கும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். பையன் என்றால் தமிழ்ப் புதல்வன். எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் ஏஜென்ட்டிடம் போய் நிற்கும் குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

அரசுக் கல்லூரிகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1794-ல் தொடங்கிய கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி. ஆகியவற்றை எல்லாருக்கும் தெரியும். காரைக்குடி, சேலம், திருநெல்வேலி, வேலூர் வரைகூடச் சிலர் யோசிக்கிறார்கள். பர்கூர், போடிநாயக்கனூர், தருமபுரி, தஞ்சை செங்கிப்பட்டி, ஈரோடு ஆகிய இடங்களிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. திண்டிவனம், பண்ருட்டி, பட்டுக்கோட்டை, திருக்குவளை, ராமநாதபுரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றின் கட்டணத்தைச் சுயநிதிக் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாது, அவ்வளவு குறைவு. பக்கத்தில் அரசு நல விடுதி இருந்து இடமும் கிடைத்தால் சாப்பாட்டுச் செலவும் குறையும். "அவ்வளவு தூரமா? பொம்பளப் பிள்ளையை அனுப்ப மாட்டோம்" என்று சொல்லும் வீடுகள் அதைப் பட்டியல் போடும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். சீட் வந்த பிறகு பாட்டி அழுதால் ஒரு நல்ல இடம் வீணாகும்.

பாடப்பிரிவு விஷயத்தில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆசிரியர்களே சரியாக இல்லாத ஒரு கல்லூரியில் 'ஏ.ஐ.' என்ற பெயருக்காகச் சேர்வதைவிட, அரசுக் கல்லூரியில் எலெக்ட்ரிக்கலோ மெக்கானிக்கலோ படிப்பது மேல். ஐ.டி. நிறுவனங்கள் பல எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. கல்லூரியின் தரத்தைப் பார்க்க விளம்பரப் பலகை வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகளை அந்தப் பட்டியலை வைத்து அளக்க முடியாது. அங்கே நேரில் போய் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு பிள்ளைகளைக் கேன்டீனில் பிடித்துப் பேசுங்கள். "லேப் நடக்குதா, கேம்பஸுக்கு யார் வந்தாங்க, ஃபீஸ் தவிர என்னென்ன கேக்குறாங்க?" என்று கேட்டால் போதும், கொட்டிவிடுவார்கள்.

கலந்தாய்வு தொடங்கும் முன்பே, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் மேனேஜ்மென்ட் கோட்டாக்காரர்களும் ஏப்ரல், மே மாதங்களில் முன்பணம் கேட்பார்கள். பயத்தில் கட்டிவிடாதீர்கள். நன்கொடை வாங்குவது 1992-ம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. விதி இருக்கிறது. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். கடன்தான் வழி என்றால் கந்துவட்டிக்குப் போகும் முன் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை.

கடைசியாக சாய்ஸ் ஃபில்லிங். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். கணினி உங்கள் முதல் விருப்பத்திலிருந்து இறங்கிவந்து, உங்கள் ரேங்க்குக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். 'கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்' என்று பிரௌசிங் சென்டரில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆசைப்படும் கல்லூரி மேலே இருக்கட்டும், உறுதியாகக் கிடைப்பவை கீழே நிறைய இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டோடு நிறுத்தியவர்கள்தான் ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். பட்டியலில் இருக்கும் எதுவும் உங்களுக்கு ஒதுக்கப்படலாம் என்பதால், நான்கு வருடம் கட்ட முடியாத கல்லூரி ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது.

பெயரைப் பார்த்து டைப் செய்யாமல் கவுன்சலிங் எண்ணைப் பார்த்துப் போடுங்கள். சி.ஐ.டி. என்றால் கோவையில் ஒன்று, சென்னையில் ஒன்று. பி.எஸ்.ஜி. பெயரில் பீளமேட்டில் ஒன்று, நீலாம்பூரில் ஒன்று. அரசு உதவி பெறும் கல்லூரியிலேயே பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் வேறு. இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்டதால் பட்ஜெட் கைமீறிப்போகும் வீடுகள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கின்றன.

பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். வீட்டில் கணினி இல்லையென்றால் மாவட்டந்தோறும் இருக்கும் அரசின் உதவி மையங்களுக்குப் போங்கள், அங்கே பணம் கேட்க மாட்டார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை உறுதி செய்ய இரண்டு நாள்தான் அவகாசம். அந்த இரண்டு நாளும் ஊருக்குப் போகாதீர்கள், போனை அணைத்து வைக்காதீர்கள். தவறவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.