குலுக்கிப் பார்க்காத தோட்டா

டம்மி தோட்டாவை அடையாளம் காணப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே ஒரு சிறு குண்டு கலகலக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் துளை போட்டிருப்பார்கள். சத்தம் வராத, துளையும் இல்லாத ஒன்று கைக்கு வந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 2021 அக்டோபர் 21 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்புக்காக ஒரு ரிவால்வரில் தோட்டாக்களை நிரப்பியபோது இந்தச் சின்ன வேலை ஒழுங்காக நடக்கவில்லை.

சாண்டா ஃபே நகருக்கு வெளியே உள்ள போனான்சா கிரீக் பண்ணையில், தேவாலயம் போல அமைத்த செட்டில் ஒத்திகை. நடிகர் அலெக் பால்ட்வின் உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, கேமராப் பக்கம் நீட்டிப் பழகிக்கொண்டிருந்தார். துப்பாக்கி வெடித்தது. அதிலிருந்து வந்தது நிஜத் தோட்டா. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸின் உடலைத் துளைத்து, பின்னால் இருந்த இயக்குநர் ஜோயல் சூசாவின் தோளில் பாய்ந்தது. சூசா பிழைத்தார். உக்ரைனில் பிறந்து ஹாலிவுட்டுக்கு வந்த ஹலினா இறந்தார். அவருக்கு வயது 42.

 கொல்லும் நோக்கம் இருந்ததா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. உள்நோக்கமின்றி மரணம் விளைவித்தல் என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த மாநிலத்தில் அதற்கு அதிகபட்சம் 18 மாதச் சிறை. ஆனால் வெறும் கவனக்குறைவைக் காட்டினால் போதாது. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் பிறர் உயிரை மதிக்காமல் நடந்துகொண்டார் என்று நிரூபிக்க வேண்டும். நஷ்டஈடு வழக்குக்கும் குற்ற வழக்குக்கும் நடுவே உள்ள வரப்பு இதுதான்.

முதலில் தப்பித்தவர் உதவி இயக்குநர் டேவிட் ஹால்ஸ். செட்டின் பாதுகாப்புக்கும் அவரே பொறுப்பு. துப்பாக்கியில் ஆபத்தில்லை என்று அறிவித்தவரும் அவர்தான். கொடிய ஆயுதத்தை அலட்சியமாகக் கையாண்டது என்ற சிறிய குற்றச்சாட்டை அவர் எதிர்க்கவில்லை. 6 மாத நன்னடத்தைக் காலத்தோடு விஷயம் முடிந்தது. பிறகு அவரே சாட்சிக் கூண்டில் ஏறி, தோட்டாக்களைச் சரியாகச் சோதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பாரம் முழுவதும் விழுந்தது ஆயுதப் பொறுப்பாளர் ஹன்னா குட்டியரெஸ் ரீட் மீது. சம்பவத்தின்போது அவருக்கு வயது 24. செட்டில் மொத்தம் 6 நிஜத் தோட்டாக்கள் கிடைத்தன. அவற்றைக் கொண்டுவந்ததே அவர்தான் என்றது அரசுத் தரப்பு. மறுத்தது எதிர்த்தரப்பு. ஆயுதப் பொறுப்போடு செட் பொருட்களைக் கவனிக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டினார்கள், அவசரப்படுத்தினார்கள், இப்போது பலிகடா ஆக்குகிறார்கள் என்று வாதாடியது. அது முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சில நாட்களுக்கு முன்பே அந்த செட்டில் துப்பாக்கி தவறுதலாக வெடித்திருக்கிறது. தங்குமிடம், பாதுகாப்பு என்று பல குறைகளைச் சொல்லி, சம்பவ நாள் காலையில்தான் கேமராக் குழுவினர் பலர் வெளியேறியிருக்கிறார்கள். தயாரிப்பு நிறுவனத்துக்கு மாநிலப் பணியிடப் பாதுகாப்புத் துறை 1,36,793 டாலர் அபராதம் போட்டது. சமரசத்தில் அது 1,00,000 டாலராகக் குறைந்தது. நிறுவனம் பணத்தைக் கட்டியது. சிறைக்குப் போனது ஹன்னா. 2024 மார்ச் 6-ல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஏப்ரலில் 18 மாதமும் முழுசாகக் கிடைத்தது.

விசை அருகே விரல் வைத்திருந்த பால்ட்வின்? தான் விசையை இழுக்கவே இல்லை என்று அவர் சொல்லிவந்தார். விசையை இழுக்காமல் அந்தத் துப்பாக்கி வெடித்திருக்காது என்றது எஃப்.பி.ஐ. பரிசோதனை. அந்தப் பரிசோதனையிலேயே துப்பாக்கி உடைந்தும் போனது. நடிகர் துப்பாக்கி நிபுணர் அல்ல, சோதிப்பது அவர் வேலை அல்ல என்று நடிகர் சங்கம் துணைக்கு வந்தது. துப்பாக்கியை மனிதரை நோக்கி நீட்டாதே என்ற பாலபாடத்துக்கு நிபுணத்துவம் எதற்கு என்றது அரசுத் தரப்பு. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. 1993-ல் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இதே போலத் துப்பாக்கி விபத்தில் இறந்தார். யார் மீதும் குற்ற வழக்குப் பாயவில்லை. அந்த உதாரணம் கண்முன் இருந்த தொழில் இது.

2024 ஜூலை 10-ல் பால்ட்வின் மீதான விசாரணை தொடங்கியது. மூன்றாம் நாளே கதை மாறியது. இந்த வழக்கோடு தொடர்பிருக்கலாம் என்று முன்னாள் காவலர் ஒருவர் மார்ச் மாதம் ஷெரிஃப் அலுவலகத்தில் சில தோட்டாக்களை ஒப்படைத்திருந்தார். அவற்றை வேறொரு வழக்கு எண்ணில் பதிந்து வைத்துவிட்டு, எதிர்த்தரப்புக்குக் காட்டவே இல்லை. நீதிபதி மேரி மார்லோ சொம்மர் கையுறை மாட்டிக்கொண்டு, தோட்டாக்கள் இருந்த உறையைத் தானே பிரித்துப் பார்த்தார். அன்றே வழக்கைத் தள்ளுபடி செய்தார், மீண்டும் தொடர முடியாதபடி.

நம் ஊரில் இப்படி நடந்தால்? பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ம் பிரிவில் அது 5 ஆண்டு. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுகிறவர்களுக்கென்று 2019-ல் ஆயுதச் சட்டத்திலும் தனிப் பிரிவு சேர்த்தார்கள். அதன்படி யாரும் சாகாவிட்டாலும், அலட்சியமாகச் சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பால்ட்வின் வழக்கில் மேல்முறையீடு செய்த அரசுத் தரப்பு, 2024 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே மறைக்கப்பட்ட தோட்டாக்களைக் காட்டி விடுதலை கேட்ட ஹன்னாவின் மனுவை, அதே நீதிபதி நிராகரித்தார். ஹன்னா 2025 மே மாதம் பரோலில் வெளியே வந்தார். ‘ரஸ்ட்’ படமும் அந்த மாதம்தான் வெளியானது. நடிகரின் பொறுப்பு எதுவரை என்ற கேள்விக்கு எந்த ஜூரியும் பதில் சொல்லவில்லை.