சகபயணியின் மௌனம்

காலை வேளையில் மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் சற்று நின்று பார்ப்போம். தேனி சாலையில், நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டியுள்ள காமராசர் பல்கலைக்கழகத்திற்கு மாணவ மாணவியர் நெரிசலில் பயணமாகின்றனர். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணமில்லாப் பயணம் மட்டும் போதுமா? அச்சமில்லாப் பயணமும் வேண்டுமல்லவா?

1998-இல் சென்னையில் இளைஞர்களின் சீண்டலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அதே ஆண்டு, பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பேருந்தில் இக்குற்றம் நடந்து, பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்திற்கே கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது அச்சட்டம். முறைத்துப் பார்ப்பவரை, சீண்டுபவரை நடத்துநர் இறக்கிவிடலாம் என்று 2022-இல் விதியும் திருத்தப்பட்டது.

சட்டம் இருக்கிறது. ஆனால் கூட்டத்தின் நடுவே ஒரு பெண் தனியாகக் குரல் எழுப்புவது எளிதா?

எரிகோ சாலையில் குருவும் லேவியரும் யாரையும் அடிக்கவில்லை; கண்டும் விலகிப் போனார்கள். குருக்களாகிய எங்களுக்கும் உறுத்தும் உவமை இது. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது நாமும் அவர்களே.

"என்னம்மா, என்ன நடந்தது?" என்று கேட்போம். எழுந்து இடம் கொடுப்போம். நடத்துநரை அழைப்போம், தேவையானால் 112 அல்லது 181 எண்ணை அழைப்போம். வீட்டில் நம் ஆண் பிள்ளைகளிடமும் இதைப் பேசுவோம். அருகில் நிற்கும் பெண் யாரோ அல்ல, நமக்கு அடுத்திருப்பவர்.