திருவண்ணாமலை மாநகராட்சியும் இணையும் ஊர்ப்பெயர்களும்

2024ஆம் ஆண்டு திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது, சுற்றியுள்ள 18 ஊராட்சிகளை அதனுடன் இணைப்பதென அரசு முடிவு செய்தது. இவ்விணைப்பு பெரும்பாலும் வரி, குடிநீர், ஊரக வேலையுறுதித் திட்டம் ஆகியவற்றை முன்னிட்டே விவாதிக்கப்பட்டது. கிராமசபையும் வேலையுறுதித் திட்டமும் ஊரகப் பகுதிக்கே உரியவையாதலின் அவ்விவாதம் நியாயமானதே. எனினும் ஊர்ப்பெயராய்வு நோக்கில் காணத்தக்க செய்தி வேறொன்று உண்டு.

இணைப்புப் பட்டியலில் அத்தியந்தல், தேவனந்தல், இனாம்காரியந்தல், துர்க்கைநம்மியந்தல் என நான்கு பெயர்கள் ஒரே ஈறு பெற்றுள்ளன. ஏந்தல் என்ற பெயரிலேயே ஓர் ஊரும் அப்பட்டியலில் உள்ளது. ஏந்தல் என்பது மழைநீரைத் தேக்கும் நீர்நிலை. அத்தி + ஏந்தல் என்பது அத்தியேந்தலாகிப் பேச்சில் அத்தியந்தல் எனக் குறுகியது எனலாம். ஏனைய மூன்றும் அவ்வாறே. வேங்கிக்கால் என்பதன் ஈற்றிலுள்ள 'கால்' வாய்க்காலைச் சுட்டுவதாகக் கொள்வது பொருத்தமாகும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வூரிலேயே இருப்பினும், நகரத்தார் பலருக்கு அது பேருந்து நிறுத்தத்தின் பெயர் மட்டுமே. மலையின் சரிவிலிருந்து வழியும் நீரை நம்பி எழுந்த குடியிருப்புகளின் வரைபடம் இப்பெயர்களில் பொதிந்துள்ளது.

ஊர்களை இணைத்துப் புதுப்பெயர் இடுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திரனின் கரந்தைச் செப்பேடு, ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்களை ஒன்றாக்கித் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயமாக 1,080 பிராமணர்க்கு வழங்கியதைக் கூறுகிறது. பழைய ஊர்களின் பெயர்களை நாம் இன்று அறிவது, எல்லை கூறும் பொருட்டு அவை அச்செப்பேட்டில் எழுதப்பட்டதால்தான். இணைத்த ஆணையே இணைந்த ஊர்களுக்கும் ஆவணமாயிற்று. இக்கால அரசாணையிலும் ஊர்கள் பட்டியலாக இடம்பெறும். ஆயின் செப்பேடு போல ஏரி, கால், மேடு எனப் புலத்தை அது விவரிப்பதில்லை.

வேறு வழியும் உண்டு. இசுரேலின் கலிலேயாப் பகுதியில் அண்டை அண்டையாக இருந்த பெதுவின் குடியிருப்புகள் ஓரூராக இணைந்தபோது, கஅபியா–தப்பாஷ்–ஹஜாஜிரா என மூன்று பெயர்களும் ஊர்ப்பெயரிலேயே நிலைத்தன. பதினெட்டுப் பெயர்களை அவ்வாறு கோத்தல் இயலாது. ஆயினும் வார்டுகளை எண்ணால் மட்டும் சுட்டாமல் ஏந்தற்பெயர்களாலும் வழங்குவதற்குத் தடையொன்றுமில்லை. வருவாய்க் கிராமப் பதிவேடுகளில் அப்பெயர்கள் இன்னும் உயிருடன் உள்ளன. களஆய்வாளர் முதலில் தொகுக்க வேண்டியவை அவையே.