மூக்கில் மாதிரி எடுப்பது எதற்காக?

"சளிக் காய்ச்சல்தானே, மூக்கில் குச்சிவிட்டுச் சோதிக்க வேண்டுமா?" என்று உறவினர்கள் எங்களைக் கேட்பதுண்டு. எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஆனால் கைக்குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், மூச்சுத்திணறலுடன் அனுமதிக்கப்படுவோர் ஆகியோருக்கு வைரஸின் வகையை அறிவது பெரிதும் உதவும்.

இன்ஃப்ளூயன்சா, ஆர்.எஸ்.வி., அடினோ, கொரோனா வைரஸ்கள் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே அறிகுறிகளையே காட்டுகின்றன. அறிகுறிகளை மட்டும் கொண்டு அவற்றைப் பிரித்தறிவது கடினம். பி.சி.ஆர். சோதனை, மாதிரியிலுள்ள வைரஸின் மரபணுத் துணுக்கைப் பன்மடங்கு பெருக்கி இனங்காண்கிறது.

முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். இன்ஃப்ளூயன்சா எனில் ஓசெல்டாமிவிர் மருந்து உண்டு; அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பயன் மிகுதி. ஆதலால் நோய் கடுமையாக இருப்பின், முடிவு வருமுன்னரே தொடங்குகிறோம். குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. எனில், தேவைக்கேற்ப ஆக்சிஜனும் நீராகாரமும் அளித்துக் கண்காணிப்பதே முதன்மைச் சிகிச்சை. ஆன்டிபயாடிக் எந்த வைரஸையும் அழிக்காது. பாக்டீரியாத் தொற்றும் இருப்பதாகக் கருதினால் மட்டுமே அதைத் தருகிறோம். நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலாப்பகுதி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, சோதனை முடிவுக்காகக் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.