பறக்கும் டிராயரும் அரிமழத்து மாமாவும்!

'பலே பாலுவும் பறக்கும் டிராயரும்' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தாத்தா சிரித்தால், அவர் வாண்டுமாமா ரசிகர்!

வாண்டுமாமாவின் இயற்பெயர் வி.கிருஷ்ணமூர்த்தி. 1925-ல் புதுக்கோட்டை மாவட்டம் அரிமழத்தில் பிறந்தவர். குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பாவின் ராயவரமும் அதே வட்டாரம்தான். அந்தத் தண்ணீரில் என்ன விசேஷமோ!

ராமாயணத்தில் புஷ்பக விமானம் பறந்தது. அரேபியக் கதையில் கம்பளம் பறந்தது. இரண்டும் நம் வீட்டில் கிடையாது. டிராயர் இருக்கிறதே! கொடியில் காயும் அரை டிராயருக்கு மந்திர சக்தி வந்தால்? இருப்பதே இரண்டு டிராயர் என்ற பையனும் அன்று ராத்திரி ஆகாயத்தில்தான் இருந்திருப்பான். வாண்டுமாமா எழுத, ஓவியர் செல்லம் வரைந்த அந்தச் சித்திரக்கதை நினைவில் நிற்பது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

'கோகுலம்', பிறகு 'பூந்தளிர்' என்று குழந்தைகளுக்காகவே உழைத்தவர். வாலை நீட்டும் குரங்கு கபீஷைத் தமிழ்ப் பிள்ளைகள் சந்தித்தது பூந்தளிரில்தான்.

2014-ல் வாண்டுமாமா மறைந்தார். அவருடைய சித்திரக்கதைகளின் பழைய பிரதிகளுக்காக, தலை நரைத்தவர்கள் பழைய புத்தகக் கடைகளில் அலைகிறார்கள். பேரப்பிள்ளைகளோ அந்தப் பெயரையே கேட்டதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பைண்டு செய்த பழைய மூட்டை இருக்கிறதா? எடைக்குப் போடும் முன் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். உள்ளே பாலு இருக்கலாம்.